பெற்றோருடன் ஐரோப்பா டூர்... பிள்ளைகள் போடும் பட்டியலில் விட்டுப்போவது எது?

"அங்க வெயில் தாங்காதும்மா, ரெண்டு மாசம் இங்க வந்து இருந்துட்டுப் போங்க!"

ஏப்ரல் பிறந்தால் ஜெர்மனியிலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் நம் வீடுகளுக்கு வரும் வாட்ஸ்அப் அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். விசா கைக்கு வந்ததும் பிள்ளைகள் ஓர் எக்ஸெல் ஷீட் போடுவார்கள். பாரிஸ் 2 நாள், சுவிட்சர்லாந்து 3 நாள், வெனிஸ் 1 நாள், ரோம் 2 நாள்... ரயில் நேரம் முதல் ஹோட்டல் செக்-இன் வரை எல்லாம் அதில் இருக்கும். அம்மாவின் முழங்கால் மட்டும் இருக்காது.

ஜெர்மனியின் கொலோன் நகரில் வேலை பார்க்கும் என் அக்கா போட்ட ஷீட்டும் அப்படித்தான் இருந்தது. போன ஜூனில் அப்பா, அம்மாவுடன் நானும் இரண்டு வாரம் ஒட்டிக்கொண்டேன். அப்போது பார்த்தவை, அதன்பின் விசாரித்துத் தெரிந்துகொண்டவை இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் விசா. ஷெங்கன் விசா ஒன்று இருந்தால் 29 நாடுகளுக்குப் போகலாம். அதிக நாள் தங்கப்போகும் நாட்டின் தூதரகத்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள்களுக்கு முன் கொடுத்தாக வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 'அப்படியே லண்டனையும் பார்த்துடலாமே' என்று சித்தப்பா யாராவது ஐடியா கொடுப்பார். பிரிட்டன் ஷெங்கனில் இல்லை, அதற்கு வேறு விசா.

எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. விசாவில் குறைந்த நாள் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. 2025 அக்டோபரிலிருந்து பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாகக் கைரேகையும் புகைப்படமும் எடுத்துக் கணினியில் பதியும் முறை வந்துவிட்டது. ஒரு நாள் கூடினாலும் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

மருத்துவக் காப்பீடு குறைந்தபட்சம் 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விதி. விசாவுக்காக இருப்பதிலேயே மலிவான பாலிசியை எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் அதிகம். பெற்றோருக்கு ஏற்கெனவே சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால், அதனால் வரும் அவசரச் சிகிச்சைக்குப் பணம் கிடைக்குமா என்பதை மட்டுமாவது படித்துப் பாருங்கள். சின்ன எழுத்தில் எங்கேயோ ஓர் ஓரத்தில்தான் இருக்கும்.

அடுத்து பெட்டி. இறைச்சி, பால் பொருள்கள் இரண்டையும் இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை. நெய், பனீர், கோழி ஊறுகாய் எல்லாம் இதில் அடக்கம். அம்மா காய்ச்சி டப்பாவில் அடைத்திருந்த ஒரு கிலோ நெய், கிளம்புவதற்கு முந்தைய இரவு பக்கத்து வீட்டுக்குப் போனது. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். ஆனால் தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் விலக்கு உண்டு. சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை மீனும் கொண்டுபோகலாம், கருவாடு உட்பட! சட்டம் அனுமதிக்கிறது, விமானத்தில் பக்கத்துப் பெட்டிக்காரர் அனுமதிப்பாரா என்பது வேறு விஷயம்.

கொலோனில் முதல் நாள் கதீட்ரல். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே எதிரில் நிற்கிறது, 157 மீட்டர் உயரம். 1248-ல் தொடங்கி, நடுவில் சில நூற்றாண்டுகள் நின்றுபோய், 1880-ல் முடித்தார்கள். அண்ணாந்து பார்த்த அப்பா, "ராஜராஜன்கிட்ட கொடுத்திருந்தா சட்டுனு முடிச்சிருப்பான்" என்றார். தெற்குக் கோபுரத்தில் 533 படிகள், லிஃப்ட் கிடையாது. அக்கா மேலே போக ஆசைப்பட்டாள். அம்மா உள்ளே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஏறி இறங்கிய நாங்கள் வியர்த்துப்போய் வந்தபோது, எங்களைவிட அதிகம் பார்த்தது அவர்தான் என்று தோன்றியது.

பாரிஸில் ஒரு மதியம்

கொலோனிலிருந்து பாரிஸுக்கு நேரடி அதிவேக ரயில், மூன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். இரண்டாம் நாள் மதியம் ஈபிள் கோபுரத்துக்கு எதிரே புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, அம்மா சட்டென்று என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தலைசுற்றல். அம்மாவுக்கு 61 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர். அக்கா 112-க்கு அழைக்க போனை எடுத்துவிட்டாள். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க அவசர உதவிக்கு அந்த ஒரே எண்தான்.

நிழலில் உட்காரவைத்துத் தண்ணீரும் கொஞ்சம் சர்க்கரையும் கொடுத்ததில் பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டார். காலையிலிருந்து என்ன குடித்தார் என்று விசாரித்தால், அரை கப் காபி. அவ்வளவுதான். பையில் பாட்டில் நிறையத் தண்ணீர் அப்படியே இருந்தது.

"ஒரு தடவை பாத்ரூம் போக ஒரு யூரோ கேக்குறான். நூறு ரூபா! உங்களையும் நடுவுல நிக்க வைக்கணும். அதான் குடிக்கல" என்றார் மெதுவாக.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஹோட்டலுக்கும் ரயிலுக்கும் நூற்றுக்கணக்கில் யூரோ செலவழித்துக்கொண்டிருக்கிறோம். அம்மா மூன்று நாளாகத் தண்ணீரைக் கணக்குப் பார்த்துக் குடித்திருக்கிறார்.

பெற்றோரைக் கூட்டிப்போகும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இந்தக் கழிப்பறை விஷயம்தான். ஜெர்மனியில் பெரிய ரயில் நிலையங்களிலும் நெடுஞ்சாலைகளிலும் காசு கேட்பார்கள். நீண்டதூர ரயிலுக்குள் இருப்பது இலவசம், இறங்குவதற்கு முன்பே போய்விடச் சொல்லுங்கள். பாரிஸ் தெருக்களில் நகராட்சி வைத்திருக்கும் நூற்றுக்கணக்கான தானியங்கிக் கழிப்பறைகளுக்குக் காசே கிடையாது. மியூசியம் போனால் உள்ளே உண்டு. சில்லறைக் காசுகளை ஒரு சுருக்குப் பையில் போட்டு, கேட்காமலே அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். கையில் காசு இருந்தால் பெற்ற பிள்ளையிடம் கேட்கும் கூச்சம் இருக்காது. பிரான்ஸ் உணவகங்களில் சாப்பிட உட்கார்ந்தால் 'கராஃப் தோ' என்று கேளுங்கள், குடத்தில் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தருவார்கள். ரோமில் தெருவுக்குத் தெரு குடிநீர்க் குழாய்கள் ஓடிக்கொண்டே இருக்கும்.

பாரிஸ் மெட்ரோவும் முழங்காலுக்கு எதிரி. பழைய நிலையங்கள் பலவற்றில் படிகள் மட்டும்தான். 14-ம் எண் தடம் ஒன்றுதான் முழுக்க லிஃப்ட் வசதியுள்ளது. நாங்கள் அதன்பிறகு பேருந்துக்கு மாறினோம். நேரம் கூடுதல்தான், ஆனால் ஜன்னலோரத்தில் ஊர் தெரிந்தது.

அன்று மாலை லூவ்ரைத் தள்ளிவைத்துவிட்டு லா ஷப்பேல் போனோம். கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். 1980-களிலிருந்து வந்து குடியேறிய ஈழத் தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கும் தெருக்கள். தமிழ்ப் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் அப்பாவின் நடை வேகமே மாறிவிட்டது. அருகிலேயே 1985-ல் தொடங்கப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயம். கடைக்காரர் அம்மாவை "வாங்கோ அம்மா" என்று அழைத்து உட்காரவைத்தார். அந்தப் பயணத்தில் அம்மா யாரிடமும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசிய முதல் ஐந்து நிமிடம் அது.

திரும்பி வந்ததும் அக்கா சுவிட்சர்லாந்து டிக்கெட்டை ரத்து செய்தாள். பனி பார்க்கப் போகும் யுங்ஃப்ராவ்யோக் 3,454 மீட்டர் உயரம். நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். ரயிலில் உட்கார்ந்தே போகலாம் என்றாலும் காற்றில் ஆக்சிஜன் குறைவு. இதயம், ரத்த அழுத்தப் பிரச்னை உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் திட்டம் போட வேண்டும். அப்பாவுக்கு இதில் இன்றுவரை வருத்தம் உண்டு.

பதிலுக்கு ரைன் நதிக்கரை. கொலோனிலிருந்து மைன்ஸ் போகும் சாதாரண ரயில் ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. இடதுபக்க ஜன்னலில் உட்கார்ந்தால் கோப்லென்ஸ் தாண்டியதும் மலைக்கு மலை கோட்டை. ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில், பேருந்துகளில் ஒரு மாதம் செல்லும் 'டாய்ச்லாண்ட்' டிக்கெட்டின் விலை 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. அது மாதச் சந்தா, ஊர் திரும்பும் மாதத்தின் 10-ம் தேதிக்குள் ரத்து செய்ய மறக்காதீர்கள். அதே டிக்கெட்டில்தான் ஹாம் நகரத்து காமாட்சி அம்பாள் கோயிலுக்கும் போனோம். தொழிற்சாலைகளுக்கு நடுவே கோபுரம்! 2002-ல் குடமுழுக்கு நடந்த கோயில். திருவிழாவில் தீர்த்தமாடுவது பக்கத்துக் கப்பல் கால்வாயில்தான்.

ஊர் சுற்றுவது எத்தனை நாளைக்கு? வாரத்தில் ஐந்து நாள் வேலை என்றால் ஜெர்மன் சட்டப்படி குறைந்தபட்ச விடுப்பு ஆண்டுக்கு 20 நாள். நிறைய நிறுவனங்கள் கூடுதலாகத் தருகின்றன, இருந்தாலும் பெற்றோர் இரண்டு மாதம் தங்கினால் பெரும்பகுதி நாள் பகலில் வீட்டில் தனியாகத்தான் இருப்பார்கள். டி.வி-யில் மொழி புரியாது, தெருவில் பேச ஆள் இருக்காது. அக்கா ஓர் எளிய வேலை செய்தாள். வீட்டிலிருந்து ஆற்றங்கரை வரை ஒரே ஒரு டிராம் தடத்தை, இரண்டு சனிக்கிழமை கூடவே போய் அப்பாவுக்குப் பழக்கினாள். மூன்றாவது வாரம் அப்பா அம்மாவைத் தனியாகக் கூட்டிப்போய்விட்டு வந்தார். காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும் என்பதைக் கண்டுபிடித்த பிறகு, வீட்டில் ஒரு பாட்டிலையும் அவர் விட்டுவைக்கவில்லை.

இன்னொரு தகவல். 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கான ஷெங்கன் விதி தளர்ந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு விசாக்களை ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால், அடுத்து இரண்டாண்டுக்குச் செல்லும் பலமுறை விசா கிடைக்க வாய்ப்புண்டு, பாஸ்போர்ட்டில் காலம் மிச்சம் இருக்க வேண்டும். முதல் பயணத்திலேயே ஏழு நாட்டையும் முடித்துவிட வேண்டிய அவசரம் இல்லை. அப்பா இரண்டாவது விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறார். யுங்ஃப்ராவ்யோக் போகலாமா என்று கேட்க இதய மருத்துவரிடம் அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறார்.