உங்களுக்குத் தெரியுமா?

முதல் உலகப்போரின் ஆரம்பகால பிரிட்டிஷ் டாங்கிகளில் ஒரு தொல்லை இருந்தது. 105 குதிரைத்திறன் டெய்ம்லர் எஞ்சின் கக்கிய புகையே, ‘இதோ இங்கே இருக்கிறேன்’ என்று எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும். புகை அடங்கிய, 150 குதிரைத்திறன் கொண்ட புது எஞ்சினை வடிவமைத்தவர் ஹாரி ரிக்கார்டோ. 1918-இல் களமிறங்கிய மார்க் 5 டாங்கி அதில்தான் ஓடியது.

அவர் 1915-இல் தொடங்கிய நிறுவனம் போருக்குப் பின் இங்கிலாந்தின் தென்கடற்கரையில் ஷோர்ஹாமில் குடியேறியது. எஞ்சின்களைத் தயாரித்து விற்பதைவிட, பிறருக்காக வடிவமைத்துக் கொடுப்பதும் சோதித்துச் சொல்வதுமே பிழைப்பு. அந்தக் காலத்துக்கு இது துணிச்சலான வியாபாரம்தான்!

அங்கே உருவான ஈ35 என்ற ஒற்றை சிலிண்டர் சோதனை எஞ்சினின் அழுத்த விகிதத்தை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். எந்த பெட்ரோலில், எந்த அழுத்தத்தில் எஞ்சின் ‘டக் டக்’கென்று தட்ட ஆரம்பிக்கிறது என்று அதில் ஓட்டிப் பார்த்தார்கள். டொலுயீன் என்ற வேதிப்பொருளை அளவுகோலாக வைத்து எரிபொருள்களைத் தரம் பிரித்தார்கள். இன்று பெட்ரோல் பங்கில் காணும் ஆக்டேன் எண்ணுக்கு முன்னோடி இதுதான்.

1931-இல் வந்தது ரிக்கார்டோவின் ‘காமெட்’. டீசல் எஞ்சினின் தலைப்பகுதியில் ஓர் உருண்டை அறை. அதற்குள் காற்று சுழன்றடித்து டீசலோடு நன்றாகக் கலக்கும். முதலில் லண்டன் பேருந்துகளுக்கு வந்த இந்த உத்தி, பிறகு பல நாடுகளின் டீசல் கார்களுக்கும் பரவியது. ஓட்டியவர்களில் எத்தனை பேர் ரிக்கார்டோ என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?