கண்ணாடிக்கு அப்பால்

நான் பேசிக்கொண்டிருக்கும் இந்தச் சிறிய அறையில் என்னைத் தவிர வேறு எவரும் இல்லை. எதிர்ச் சுவரில் அகன்ற கண்ணாடிச் சன்னல் ஒன்று இருக்கிறது. அதற்கு அப்பால் ஒருவர் அமர்ந்திருக்கிறார். என் குரல் தாழ்ந்தால் அவர் கை ஒரு குமிழைத் திருகுகிறது. தாளைப் புரட்டும் ஓசை எழுந்தால் அவர் புருவம் நெரிகிறது. என் சொற்கள் உங்கள் செவிக்கு எட்டுவது அவரால்தான். ஆயினும் பேச்சின் முடிவில் என் பெயரை அறிவிப்பார்கள். அவர் பெயரை அறிவிப்பதில்லை. மாணவர்களே, இத்தகைய பணியில் தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவரைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அவர் பெயர் ரூடி வான் கெல்டர். 1924-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் பெண்களுக்கான ஆடைக் கடை ஒன்றை நடத்தி வந்தனர். இளமையிலேயே அவருக்கு அமெச்சூர் வானொலியில் பெரும் ஈடுபாடு. வீட்டிலேயே ஒலியைத் தட்டில் பதியும் சிறு கருவி ஒன்றும் அவரிடம் இருந்தது. எக்காளம் வாசிக்கவும் சிறிது காலம் பயின்றார். கறுப்பின மக்களிடையே தோன்றி உலகெங்கும் பரவிய ஜாஸ் இசையில் அவர் உள்ளம் தோய்ந்திருந்தது.

ஆனால், ஒலிப்பதிவு செய்து வயிறு வளர்க்கலாம் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. ஆகவே பிலடெல்பியா நகரில் இருந்த பென்சில்வேனியா கண்ணியல் கல்லூரியில் சேர்ந்து படித்தார். கண்களைச் சோதித்து மூக்குக்கண்ணாடி பொருத்தும் தொழிலை மேற்கொண்டார். பகலில் கண்ணுக்கு ஊழியம். எஞ்சிய பொழுதெல்லாம் செவிக்கு ஊழியம். கண் தொழிலில் ஈட்டிய பொருள் ஒலிவாங்கிகளாகவும் பதிவுக் கருவிகளாகவும் மாறியது.

1946-ஆம் ஆண்டில் அவருடைய பெற்றோர் ஹாக்கன்சாக் என்னும் ஊரில் வீடு கட்டினர். கூடத்திற்கும் அடுத்த அறைக்கும் இடையே ஒரு கண்ணாடிச் சன்னல் வேண்டும் என்று மகன் கேட்டார், தந்தை இசைந்தார். அந்தக் கூடமே இசைக்கூடமாயிற்று. 1950-களில் மைல்ஸ் டேவிஸ், தெலோனியஸ் மங்க் முதலிய பெருங்கலைஞர்கள் அவ்வீட்டின் படியேறி வந்து வாசித்தனர். மங்க் தாம் இயற்றிய இசையுருப்படி ஒன்றுக்கு அவ்வூரின் பெயரையே சூட்டினார். இத்தனை பேரும் புகழும் வந்த பின்னரும், 1959-ஆம் ஆண்டில் இங்கிள்வுட் கிளிஃப்ஸ் என்னும் இடத்தில் தமக்கென ஒரு பதிவுக்கூடம் கட்டும் வரையில், வான் கெல்டர் கண் தொழிலைக் கைவிடவில்லை.

"ஐயா, பிடித்ததைப் படிப்பதா, பிழைப்புக்குப் படிப்பதா?" பள்ளியில் பணியாற்றிய காலத்தில் ஆண்டுதோறும் என்னைக் கேட்ட கேள்வி இது. பெரும்பாலும், "முதலில் பிழைப்பைப் பார்" என்று விடை கூறி அனுப்பிவிட்டேன். அவ்விடை பாதிதான் சரி என்று இப்போது உணர்கிறேன். பிழைப்பைத் தேடிக்கொண்ட பிறகு, பிடித்ததைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடாதே என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். வான் கெல்டர் இரண்டையும் சுமந்தார். அதற்கு விலையாகப் பத்தாண்டுகளுக்கு மேல் தம் ஓய்வு நேரத்தைக் கொடுத்தார்.

அவர் செய்த வேலைதான் யாது? எண்ணிப் பாருங்கள். ஓர் அறையில் ஐவர் ஒரே சமயத்தில் வாசிக்கிறார்கள். முரசுகளின் முழக்கம் அறையை நிறைக்கிறது; டபிள் பேஸ் என்னும் பெரிய நரம்புக் கருவியின் நாதமோ மெலிந்து ஒலிக்கிறது. ஒரே ஓர் ஒலிவாங்கியை நடுவில் வைத்தால் வலியது மெலியதை விழுங்கிவிடும். ஆதலால் கருவிக்கு ஏற்றவாறு ஒலிவாங்கிகளைப் பிரித்து வைக்க வேண்டும். ஒலிவாங்கியை அருகில் வைத்தால் கருவியின் நேரொலி மிகுதியாகக் கிட்டும். தள்ளி வைத்தால் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியும் கலந்து வரும். ஒரு சாண் தூரம் மாறினாலும் ஒலியின் தன்மை மாறிவிடும். புதிய கூடத்திற்கு அவர் 39 அடி உயரத்தில் மரக்கூரை அமைத்ததை இங்கு நினைவுகூரலாம். அறையும் ஓர் இசைக்கருவிதானே!

இன்று ஒவ்வொரு கருவியையும் தனித்தனித் தடத்தில் பதிந்துகொண்டு, பின்னர் ஓய்வாக அமர்ந்து கூட்டலாம், குறைக்கலாம். அக்காலத்தில் அவர் ஜாஸ் இசையைப் பதிந்ததோ ஒரு தடத்தில் அல்லது இரண்டு தடங்களில். கலைஞர்கள் வாசிக்கும் அந்நேரத்திலேயே ஒலிகளை அளவறிந்து கலந்துவிட வேண்டும். ஜாஸ் இசையில் மனோதர்மத்திற்கே முதலிடம். ஒருமுறை வாசித்தது மறுமுறை அவ்வாறே வராது. பொறியாளர் தவறினால் அந்தக் கணம் போனது போனதுதான். 1956-ஆம் ஆண்டில் மே 11, அக்டோபர் 26 ஆகிய இரண்டே நாட்களில் மைல்ஸ் டேவிஸ் குழுவினர் அவ்வீட்டுக் கூடத்தில் வாசித்தவற்றிலிருந்து நான்கு இசைத்தட்டுகள் உருவாயின. ஜான் கோல்ட்ரேனின் "எ லவ் சுப்ரீம்" 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் புதிய கூடத்தில் பதிவாயிற்று.

நாடாவில் பதிந்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அவ்வொலியை மூலத்தட்டில் வரிப்பள்ளமாக வெட்ட வேண்டும். ஒலி பெருகப் பெருகப் பள்ளத்தின் அசைவும் பெருகும். அளவு மீறினால் கேட்பவர் வீட்டில் ஊசி துள்ளிவிடும். அளவுக்கு மேல் அடக்கினால் இசை உயிரிழக்கும். இந்த வேலையையும் பிறரிடம் விடாமல் வான் கெல்டர் தாமே செய்தார். தட்டின் நடுவில் பள்ளம் ஓயும் வெற்றிடத்தில் தம் பெயரையோ முதலெழுத்துகளையோ பொறித்து வைத்தார். பழைய தட்டுகளைத் தேடி வாங்குவோர் அந்த முத்திரையை இன்றும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துத்தான் வாங்குகின்றனர்.

அவருடைய பழக்கவழக்கங்கள் கண்டிப்பானவை. கையுறை அணிந்தே கருவிகளைக் கையாள்வார். பிறர் ஒலிவாங்கியைத் தொடுவதை விரும்பமாட்டார். உணவும் பானமும் கருவிகளின் பக்கம் வரலாகாது. தம் முறைகளை எவருக்கும் வெளியிட மறுத்தார். புகைப்படம் எடுப்போர் வந்தால் ஒலிவாங்கிகளை இடம் மாற்றி வைப்பார் என்றும் சொல்வதுண்டு. தூய்மையும் ஒழுங்கும் எனக்கு உவப்பானவை. ஆனால் கற்றதைப் பிறர்க்கு ஈவதே தொழிலாகக் கொண்ட எனக்கு, அந்த மறைத்தல் மட்டும் உவப்பாக இல்லை.

எல்லோரும் அவரைப் போற்றினார்கள் என்றும் எண்ணிவிடாதீர்கள். டபிள் பேஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ், வான் கெல்டர் கலைஞர்களின் நாதத்தையே மாற்றிவிடுகிறார் என்று வெளிப்படையாகக் குறை கூறினார். இக்குற்றச்சாட்டு நாம் சிந்திக்கத் தக்கது. ஒலிப்பதிவு கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் போன்றது என்று நாம் நினைக்கிறோம். அது அப்படியன்று. ஒலிவாங்கியை எங்கே வைப்பது, எதனை முன்னே நிறுத்துவது என்று ஒவ்வொரு கணமும் ஒரு மனிதர் முடிவு செய்கிறார். கலைஞனின் நாதத்தைக் காப்பதும் கெடுப்பதும் அவர் செவியில் இருக்கிறது. பெயர் தெரியாத பணியாயினும் அதன் பொறுப்பு சிறிதன்று.

இன்னொரு செய்தி உங்களை வியக்க வைக்கும். அவர் வெட்டிய தட்டுகளைப் பொன்னெனப் போற்றுவோர் பலர். அவரோ அத்தட்டுகளை விரும்பியவர் அல்லர். இசையைத் திரிப்பதில் தட்டே முதன்மையானது என்று கருதினார். எண்முறைப் பதிவு வந்தபோது மகிழ்ந்து வரவேற்றார். 1999-ஆம் ஆண்டு முதல், தாம் முன்னர்ப் பதிந்த பலவற்றைப் புதிய முறையில் தாமே மீண்டும் சீர்செய்து தந்தார். தம் பழம்பெருமையில் அவருக்கு மயக்கம் இல்லை; இசை திரியாமல் சேர வேண்டும் என்பதே அவர் நாட்டம்.

2009-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியக் கலை நிதியம் ஜாஸ் கலைஞர்க்குரிய உயர்ந்த விருதை, மேடையேறி வாசிக்காத இம்மனிதருக்கு அளித்தது. 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள், தம் 91-ஆம் வயதில், பதிவுக்கூடத்தோடு இணைந்த தம் இல்லத்திலேயே அவர் காலமானார்.

மாணவர்களே, அடுத்த முறை ஒரு பாட்டைக் கேட்கும்போது பாடகரின் குரலோடு நின்றுவிடாதீர்கள். பின்னே ஒலிக்கும் மெல்லிய கருவி எது, அது எவ்வளவு தொலைவில் நிற்கிறது, அறை பெரியதா சிறியதா என்று செவியால் தேடுங்கள். அங்கே ஒரு மனிதரின் உழைப்பு உங்களுக்குப் புலப்படும்.

எனக்கு உரிய நேரம் முடிகிறது. கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் அன்பர் விரலை உயர்த்திவிட்டார். அவருக்கு என் நன்றி.