பி.டி. சாரை நிறுத்திவிட்டால் எந்தக் கதவைத் தட்டுவது?

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கத்தில் ஒருவருக்கு வேலை போனால் அக்கம்பக்கத்தார் சொல்லும் முதல் யோசனை, “லேபர் ஆபீசுக்குப் போங்க, லேபர் கோர்ட்ல கேஸ் போடுங்க” என்பதுதான். நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டதைப் பார்த்த ஊர்கள் இவை. 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தப் பந்தலில் உட்கார்ந்ததையும் பார்த்தவை. சங்கம், செட்டில்மென்ட், சமரச அதிகாரி என்பதெல்லாம் இங்கே டீக்கடைப் பேச்சு.

அதனால், பதினைந்து வருடம் பள்ளி மைதானத்தில் விசில் ஊதிய பி.டி. சாரைக் கல்வியாண்டின் நடுவில் திடீரென்று நிறுத்திவிட்டாலும் அதே யோசனைதான் வருகிறது. ஷிப்ட் முடித்து வரும் பெற்றோர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் வேலையைத் திரும்பப் பெற அவர் அந்தக் கதவைத் தட்டினால் அது திறக்காது. பலர் தட்டிக்கொண்டே மாதக்கணக்கில் நின்றுவிட்டு, உண்மையில் திறக்கக்கூடிய கதவைத் தவறவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை அதைத் தடுப்பதற்காகத்தான்.

கோவாவில் ஒரு பள்ளி ஆசிரியை, சுந்தராம்பாள் என்பவர், 1975இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். தொழில் தகராறாக எடுத்துக்கொள்ளும்படி அவர் தொடுத்த வழக்கு உச்சநீதிமன்றம்வரை போனது. 1988இல் தீர்ப்பு வந்தது. பள்ளிக்கூடம் ஒரு தொழில் நிறுவனமாக இருக்கலாம், ஆனால் ஆசிரியர் தொழிலாளி அல்லர். கற்பிப்பது உடலுழைப்போ எழுத்தர் வேலையோ தொழில்நுட்ப வேலையோ ஆகாது என்றது நீதிமன்றம். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றிலும் தொழிலாளி யார் என்று சொல்லும் வாசகத்தில் ஆசிரியருக்கு இடமில்லை.

பந்தை உதைக்கக் கற்றுக்கொடுப்பவர் ஆசிரியரா என்று கேட்கலாம். பள்ளி நிர்வாகங்களே அப்படிக் கேட்பதுண்டு, தங்களுக்கு வசதியான நேரத்தில். அதற்கும் பதில் இருக்கிறது. ஆந்திர வேளாண் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வி இயக்குநர் ராமமோகன ராவ் வழக்கில், 58 வயதில் ஓய்வா, ஆசிரியர்களைப் போல 60 வயதிலா என்ற கேள்வி எழுந்தது. விளையாட்டின் விதிகளையும் நுணுக்கங்களையும் மாணவர்களுக்குக் கற்பிப்பவர் ஆசிரியரே என்று 1997இல் உச்சநீதிமன்றம் முடிவு சொன்னது. அது ஒரு பல்கலைக்கழகச் சட்டத்தை வைத்து வந்த தீர்ப்பு என்றாலும் அதன் காரணம் எல்லா மைதானத்துக்கும் பொருந்தக்கூடியது. பி.டி. சாருடைய வழக்கின் அடித்தளமே இதுதான். அவர் ஆசிரியர் என்பது நிலைநின்றால்தான் ஆசிரியருக்கு உள்ள பாதுகாப்பு அவருக்குக் கிடைக்கும்.

அந்தப் பாதுகாப்பு கல்வித் துறைச் சட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாடு அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், 1973இன் 22ஆம் பிரிவு, தகுதியுள்ள அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் எந்த ஆசிரியரையும் பணிநீக்கம் செய்யக்கூடாது, வேறு எந்த வகையிலும் பணியை முடிக்கக்கூடாது என்று எழுதியது. அதன் இடத்தில் இப்போது 2018ஆம் ஆண்டுச் சட்டமும் 2023ஆம் ஆண்டு விதிகளும் இருக்கின்றன. பள்ளி அரசு உதவி பெறுவதா, சுயநிதியா, மெட்ரிக்கா, சி.பி.எஸ்.இ.யா, சிறுபான்மையினர் நடத்துவதா என்பதைப் பொறுத்து எந்த விதி எவ்வளவு பொருந்தும் என்பது மாறும். அதை ஒரு வழக்கறிஞர்தான் கோப்பைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி எல்லாருக்கும் ஒன்றே: என்னை நிறுத்தும் முன் கல்வி அதிகாரியிடம் அனுமதி கேட்டார்களா?

இந்தக் கேள்விக்கு எவ்வளவு வலு என்பதற்கு டெல்லியில் ஒரு தனியார் பள்ளியின் ஓட்டுநர் வழக்கே போதும். ஆட்குறைப்பு என்று சொல்லி அவரை அனுப்பினார்கள். டெல்லிப் பள்ளிக் கல்விச் சட்டத்தில் முன் அனுமதி விதி இருக்கிறது, அனுமதி பெறவில்லை, எனவே நீக்கம் செல்லாது என்று 2016இல் உச்சநீதிமன்றம் தீர்த்தது. ஓட்டுநருக்கே அந்தக் காப்பு உண்டென்றால் உடற்கல்வி ஆசிரியர் ஏன் கேட்கத் தயங்க வேண்டும்?

கேட்பது எங்கே? 2022இல் பள்ளிக்கல்வித் துறையைச் சீரமைத்தபோது தனியார் பள்ளிகளுக்கென்றே மாவட்டக் கல்வி அலுவலர் பணியிடங்கள் உருவாக்கப்பட்டன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பள்ளிகளுக்குக் காஞ்சிபுரம் மாவட்ட அலுவலகம். ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் நோக்கிப் போகும் சாலையில் கொஞ்ச தூரம் தாண்டினால் செங்கல்பட்டு மாவட்டம் வந்துவிடும். பள்ளி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து மனு கொடுங்கள். நடந்ததைத் தேதி வாரியாக எழுதி, நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதே அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம். கட்டணம் 10 ரூபாய், பதில் தரக் கெடு 30 நாள். என் பணிநீக்கத்துக்கு அனுமதி கோரிப் பள்ளி கடிதம் கொடுத்ததா, ஆசிரியர் பட்டியலில் என் பெயர் எந்தப் பதவியில் இருக்கிறது என்று இரண்டே கேள்வி கேளுங்கள். வழக்கறிஞருக்கு இந்தப் பதில் பொன்னான ஆவணம்.

உயர்நீதிமன்றத்துக்கு நேராகப் போகலாமா என்று பலர் கேட்பார்கள். தனியார் பள்ளிக்கும் ஊழியருக்கும் இடையே உள்ள வெறும் ஒப்பந்தத் தகராறுக்கு ரிட் மனு செல்லாது என்று 2022இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டத்தின் விதியை மீறியிருந்தால் நிலைமை வேறு. முன் அனுமதிக் கேள்வி இங்கேயும் முக்கியமாவது அதனால்தான். எந்தச் சட்ட விதியும் துணைக்கு வராவிட்டால் மிச்சம் சிவில் வழக்கு. அதில் இழப்பீடு கிடைக்கலாம். வேலை திரும்பக் கிடைப்பது அரிது.

இனி ஆபத்துகள். முதலாவது, ராஜினாமாக் கடிதம். “நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க சார், எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் நல்லபடியா தர்றோம்” என்று கனிவாகத்தான் பேச்சு ஆரம்பிக்கும். அந்த ஒரு தாளில் கையெழுத்துப் போட்டதும் பணிநீக்கம் என்பதே இல்லாமல் போய்விடுகிறது, தானாக விலகியவர் ஆகிவிடுகிறார். அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிடுங்கள். மிரட்டலில் போட்டுவிட்டீர்கள் என்றால் அதே நாளில் மின்னஞ்சலும் மறுநாள் பதிவுத் தபாலும் அனுப்பித் திரும்பப் பெறுங்கள். நிர்வாகம் ஏற்றுக்கொள்வதற்கு முன்பு ராஜினாமாவைத் திரும்பப் பெறலாம்.

இரண்டாவது, அசல் சான்றிதழ். வேலைக்குச் சேரும்போது டிகிரி, பி.பி.எட். அசல்களை வாங்கி பீரோவில் பூட்டிவைப்பது இங்கே பல பள்ளிகளின் வழக்கம். சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, அதைப் பிணையாகப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றம் கல்லூரிகள் தொடர்பான வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

மூன்றாவதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. எத்தனையோ பள்ளிகளில் விளையாட்டுப் பயிற்சியைத் தனியார் ஸ்போர்ட்ஸ் கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் விட்டுவிடுகிறார்கள். ஆலைகளில் கான்ட்ராக்ட் லேபர் எப்படி வளர்ந்ததோ அதே வழிதான். பள்ளியின் சீருடை பனியன், பள்ளியின் பெயர் போட்ட விசில் கயிறு, சம்பளம் மட்டும் ஏதோ ஒரு ஏஜென்சியின் கணக்கிலிருந்து. பிரச்சினை வரும் நாளில் பள்ளி, அவர் எங்கள் ஊழியரே இல்லை என்கிறது. கம்பெனி, பள்ளிக்கு வேண்டாமாம், நாங்கள் என்ன செய்ய என்கிறது. நியமனக் கடிதம் யார் கொடுத்தார்கள், வருகைப் பதிவேடு யாரிடம், டீம் பட்டியலில் பயிற்சியாளராக யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பவை அன்றைக்குத் தேடினால் கிடைக்காது. பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகளுக்குப் போட்ட நுழைவுப் படிவங்கள், சுப்ரதோ கால்பந்துக் கோப்பைக்கு அணி அனுப்பியபோது பள்ளி தந்த கடிதம், தலைமையாசிரியரின் சுற்றறிக்கை, இவற்றின் நகல் இன்றே உங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.

காகிதம் என்ன செய்யும் என்பதை 2024 ஜூனில் நாடே பார்த்தது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் தோற்றதும் இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்சை அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு நீக்கியது. அவருக்கு 2026வரை எழுத்தில் ஒப்பந்தம் இருந்தது. ஃபிஃபாவரை போவேன் என்றார். கடைசியில் 4 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு கூட்டமைப்பு தகராறை முடித்தது. தோற்ற பயிற்சியாளருக்கே அது கிடைத்தது. நம் ஊரில் மாவட்டக் கோப்பை வாங்கித்தந்தவருக்கு ஒரு பக்க நியமனக் கடிதம்கூட இருப்பதில்லை.

அரசுப் பள்ளியிலும் நிலை எல்லாருக்கும் பத்திரமானதல்ல. 2012இல் உடற்கல்வி, ஓவியம், தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாயில் நியமிக்கப்பட்டார்கள். 2023இல் அதை 12,500 ஆக்குவதாக அறிவிப்பு வந்தது. பல வருடங்கள் மே மாதத்துக்குச் சம்பளமில்லாமலே வேலை பார்த்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வருடக்கணக்கில் போராடுகிறார்கள், அந்தக் கோரிக்கை நியாயமானது.

லேபர் ஆபீஸ் கதவு திறக்காது என்று தொடக்கத்தில் சொன்னேன். ஒரு விஷயத்துக்கு மட்டும் அது திறக்கும்: பணிக்கொடை. ஆசிரியர்களுக்குக் கிராஜுவிட்டி கிடையாது என்று 2004இல் ஒரு தீர்ப்பு வந்தது. 2009இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டு ஆசிரியர்களையும் சேர்த்தது. தனியார் பள்ளிகள் எதிர்த்துப் போன வழக்கை 2022 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் போதும். கடைசிச் சம்பளம் 18,000, சேவை 16 வருடம் என்றால், 18,000ஐ 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, 16ஆல் பெருக்குங்கள்: ஏறக்குறைய 1,66,150 ரூபாய். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி மிச்சத்தை அலவன்ஸ் என்று எழுதும் தந்திரம் புதிய சட்டத் தொகுப்பில் முன்போல் செல்லாது. மொத்தத்தில் பாதியாவது சம்பளமாகக் கணக்கிடப்பட வேண்டும். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஒரு வருடச் சேவைக்கே பணிக்கொடை உண்டு. பள்ளியிடம் எழுத்தில் கேட்டும் தராவிட்டால் தொழிலாளர் துறையில் பணிக்கொடை மனுக்களை விசாரிக்கும் அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். தாமதத்துக்கு வட்டியும் கேட்கலாம். பி.எஃப். பாஸ்புக்கையும் இப்போதே திறந்து பாருங்கள், பிடித்த பணம் கட்டியிருக்கிறார்களா என்று.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிடித்த ஆசிரியர் என்பதாலேயே எல்லா நீக்கமும் அநியாயம் ஆகிவிடாது. 2021 மே மாதம் சென்னையில் பேர்பெற்ற தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோ வழக்கில் கைதானார். அவரிடம் பயின்றவர்கள்தான் புகார் சொன்னார்கள். குழந்தை ஒன்று வாய் திறந்து சொன்னால் அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது சட்டப்படி பள்ளியின் கடமை. நமக்கும்தான். குழந்தைகள் உதவி எண் 1098 எந்நேரமும் இயங்குகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. மைதானமும் அதற்கு விலக்கல்ல. அப்படிப்பட்ட புகாரில் சாரைக் காப்பாற்றக் கூட்டம் சேர்க்காதீர்கள். விசாரணை முறையாக நடக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

புகார் எதுவும் இல்லாமல், சம்பளம் கூடிவிட்டது, குறைந்த சம்பளத்தில் ஆள் கிடைக்கிறது என்பதற்காக நிறுத்தினால் பேச வேண்டியது நம் பொறுப்பு. பிள்ளைகளைச் சீருடையோடு சாலையில் உட்காரவைக்க வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் தாளாளரைப் பெயர் சொல்லித் திட்ட வேண்டாம். அவதூறு வழக்கு வந்தால் அதன் பாதிப்பு சாரின் தலையிலும் விழும். பெற்றோர் கையெழுத்திட்ட மனுவைக் கல்வி அலுவலரிடமும், திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்திலும் கொடுங்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு.

இவை எல்லாம் வேலை போன பிறகு செய்வது. அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, எங்கள் பி.டி. சாருக்கு உடற்கல்வி ஆசிரியர் என்று குறிப்பிட்டு நியமனக் கடிதம் கொடுத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். இல்லை என்றால், எந்தத் தேதிக்குள் கொடுப்பீர்கள் என்று கேட்டு, அதைக் கூட்டக் குறிப்பில் எழுதவையுங்கள்.