என்ன எழுதுறதுன்னு தெரியலையா? ஒரு நாள் கல்லாவுல உட்காருங்க

(பாட்காஸ்ட் எபிசோடின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

திருப்பரங்குன்றத்துல இருந்து பேசுறேன். பின்னாடி மேளச் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, இன்னைக்கு முகூர்த்த நாள்.

சின்னதா தொழில் பண்ற நண்பர்கள் என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்வி இது. "வெப்சைட் போட்டாச்சு. ஆனா அதுல என்ன எழுதுறது? ரெண்டு கட்டுரைக்கு மேல ஐடியாவே வர மாட்டேங்குது." இதுக்கு என்கிட்ட ஒரு பதில் இருக்கு. நானே சொதப்பிக் கத்துக்கிட்ட பதில்.

முதல்ல நான் சொதப்பின கதை

என் பெரியப்பா மகன், அதாவது எங்க அண்ணன், பதினாறு கால் மண்டபம் பக்கத்துல கல்யாண மாலைக் கடை வெச்சிருக்கார். நம்ம ஊர் முருகன் தெய்வானையைக் கல்யாணம் பண்ண இடம். அதனால முகூர்த்த நாள்ல கோயில்ல கல்யாணத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஆனா வெளியூர்ல இருந்து வர்ற ஆர்டர் எல்லாம் மண்டபத்துக்காரங்க கைகாட்டுற கடைக்குப் போயிட்டிருந்தது. முகூர்த்தம் இல்லாத மாசத்துல மாலை கட்டுற நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கவே அண்ணன் திணறிட்டிருந்தார்.

நான் சாஃப்ட்வேர் ஆளு. ஒரு சனி ஞாயிறுல வெப்சைட் ரெடி பண்ணிட்டேன். அப்புறம் லேப்டாப் முன்னாடி உட்கார்ந்து யோசிச்சு யோசிச்சு எட்டு கட்டுரை எழுதினேன். "பூக்களின் மகத்துவம்", "திருமணத்தில் மாலையின் முக்கியத்துவம்", இந்த மாதிரி. மூணு மாசத்துல ஒரு போன் கூட வரல. அண்ணன் ஒருநாள் பொறுமையா கேட்டார். "தம்பி, இதைப் படிச்சிட்டு யாருப்பா மாலை வாங்குவா?"

சுருக்குன்னு இருந்தது. ஆனா நியாயமான கேள்வி.

கல்லாவுல ஒரு நாள்

அடுத்த முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கல்லாவுல போய் உட்கார்ந்தேன். வர்றவங்க கேக்குற ஒவ்வொரு கேள்வியையும், அவங்க சொன்ன வார்த்தையிலேயே போன்ல குறிச்சுக்கிட்டேன்.

"முழம் எம்புட்டுப்பா?"
"போன வாரம் இதுல பாதி விலைதானே?"
"பெங்களூருக்கு பஸ்ல போட்டா வாடிராதா?"
"சாயங்காலம் ரிசப்ஷனுக்குப் பூவை எப்ப வந்து வாங்கணும்?"
"ஒரு முழம்னா யாரு கை முழம்?"

சாயங்காலத்துக்குள்ள இருபத்து மூணு கேள்வி சேர்ந்துடுச்சு. அதாவது இருபத்து மூணு கட்டுரைக்குத் தலைப்பு. கடைக்கு வந்து ஒருத்தர் கேக்குற கேள்வியை, கடைக்கு வர முடியாத இன்னொருத்தர் ராத்திரி போன்ல தட்டித் தேடிட்டிருப்பார். பதில் யார்கிட்ட கிடைக்குதோ, அவங்களுக்குத்தான் போன் போடுவார்.

ரிசப்ஷன் கேள்வியையே எடுத்துக்குவோம். மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடு கிடைச்சது நமக்குத் தெரியும். ஆனா வாங்க வர்றவருக்கு அது பதில் இல்ல. மல்லியை அதிகாலையில மொட்டாத்தான் பறிப்பாங்க, அது சாயங்காலம் விரியும். அதனால ரிசப்ஷனுக்கு அன்னைக்குக் காலையில பறிச்ச மொட்டை வாங்கணும். இது அண்ணனுக்கு மூச்சு விடுற மாதிரி சாதாரண விஷயம். அதனாலேயே இதை ஒரு விஷயமா எழுதலாம்னு அவருக்குத் தோணவே இல்ல. சாட்ஜிபிடி கிட்ட கேட்டா பூக்களின் மகத்துவத்தை என்னை விட நல்லாவே எழுதித் தரும். 'யாரு கை முழம்'ங்கிற கேள்வி கடையில உட்கார்ந்தாத்தான் காதுல விழும்.

எழுதப் பயப்படுற கேள்வி

பட்டியல்ல அதிகம் பேர் கேட்டது விலை. அண்ணன் அதை மட்டும் எழுத விடல. "விலையைப் போட்டா போட்டிக்காரன் பாத்துருவான். வாங்குறவங்களும் அப்படியே போயிருவாங்க."

அப்ப நான் அவருக்கு அமெரிக்காவுல நடந்த ஒரு கதை சொன்னேன். வர்ஜீனியாவுல மார்கஸ் ஷெரிடன்னு ஒருத்தர் கூட்டாளிகளோட சேர்ந்து நீச்சல் குளம் அமைச்சுக் கொடுக்கிற நிறுவனம் நடத்தினார். பேரு ரிவர் பூல்ஸ். 2008 நிதி நெருக்கடியில தொழில் மூடுற நிலைக்கு வந்துடுச்சு. அவர் செஞ்சது ஒண்ணுதான். வாடிக்கையாளர்கள் அதுவரைக்கும் கேட்ட கேள்விகளை எல்லாம் எழுதி, ஒவ்வொண்ணுக்கும் வெப்சைட்ல பதில் போட ஆரம்பிச்சார். ஃபைபர்கிளாஸ் குளத்துக்கு எவ்வளவு செலவாகும், அதுல என்னென்ன பிரச்சினை வரும், எல்லாமே. போட்டி நிறுவனங்கள் தொடத் தயங்கின கேள்விகள் அவை. தேடுறவங்க எல்லாரும் இவர்கிட்ட வந்து சேர்ந்தாங்க, நிறுவனம் பிழைச்சது. இந்த அனுபவத்தைப் பிறகு 2017ல புத்தகமாவும் எழுதினார்.

இதுல கவனிக்க வேண்டியது, விலைக் கட்டுரைன்னா ஒரே ஒரு நம்பர் போடுறது இல்ல. விலை எதனால ஏறுது, எதனால இறங்குதுன்னு சொல்றது. நாங்களும் அப்படித்தான் எழுதினோம். மல்லி வெயில் காலத்துப் பூ. பனி விழுந்தா விளைச்சல் குறையும். மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு வரத்து குறையுற அந்த நேரத்துலதான் பொங்கலும் தை முகூர்த்தமும் வருது. வெயில் காலத்துல கிலோ சில நூறுக்குக் கிடைக்கிற பூ, அப்ப ஆயிரங்களைத் தாண்டும். கடைக்காரர் ஏத்துற விலை இல்ல இது.

படிச்சிட்டு ஓசூர்ல இருந்து ஒரு பொண்ணோட அப்பா கூப்பிட்டார். "தையில விலை ஏறும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்ப மாலையைச் சம்பங்கி, ரோஜாவுல கட்டுங்க, தலைக்கு மட்டும் மல்லி போதும்." ஆர்டர் தொகை குறைஞ்சது உண்மைதான். ஆனா வெப்சைட் வழியா வந்த முதல் ஆர்டர் அது. விலையைப் பார்த்துட்டு விலகிப் போனவங்களும் இருக்காங்க, அதையும் மறைக்கல.

திட்டு விழுந்தாலும் அது ஒரு தலைப்புதான்

நம்ம தமிழ்நாட்டு உதாரணம் ஒண்ணு. திருச்சிக்காரர் கிரீஷ் மாத்ருபூதம் 2010ல சென்னையில ஃப்ரெஷ்டெஸ்க் ஆரம்பிச்சார். அடுத்த வருஷமே பெரிய போட்டியாளரான ஜென்டெஸ்க்கோட தலைவர், இவங்க எங்களைக் காப்பி அடிக்கிறாங்கங்கிற அர்த்தத்துல ட்விட்டர்ல போட்டார். ஃப்ரெஷ்டெஸ்க் ஒதுங்கிப் போகல. 'ரிப்ஆஃப் ஆர் நாட்'னு தனியா ஒரு வெப்சைட்டே போட்டு, நடந்ததையும் தங்களோட பதிலையும் எல்லார் முன்னாடியும் வெச்சாங்க. அதுவரை அவங்களைக் கேள்விப்படாதவங்களும் வந்து படிச்சாங்க. ஃப்ரெஷ்வொர்க்ஸ்னு பேர் மாறின அதே நிறுவனம் 2021ல நாஸ்டாக்ல பட்டியலாச்சு. அந்த ஒரு பக்கத்தாலதான்னு நான் சொல்ல வரல. குற்றச்சாட்டும் எழுத ஒரு விஷயம்தான். ஆனா உங்ககிட்ட நேர்மையான பதில் இருக்கணும்.

எங்க கடைக்கு கூகுள்ல ஒருத்தர் ஒரே ஒரு ஸ்டார் போட்டு, 'முழம் சின்னதா இருக்கு'ன்னு எழுதியிருந்தார். அண்ணனுக்குச் செம கோபம். ஆனா யோசிச்சுப் பார்த்தா, கட்டுறவங்க நாலு பேரு கையும் நாலு அளவு. அதனால நம்ம கடையில முழம்னா ஒன்றரை அடின்னு முடிவு பண்ணி, டேப் வெச்சு அளந்து, போட்டோவோட போட்டோம். கட்டுரை எழுதப் போய் கடையில இருந்த ஒரு தப்பும் சரியாச்சு.

இந்த வாரம் நீங்க செய்ய வேண்டியது

வாட்ஸ்அப்ல வாடிக்கையாளர்கள் கடைசியா அனுப்பின ஐம்பது மெசேஜைத் திறங்க. கேள்விகளை மட்டும் அவங்க வார்த்தையிலேயே தனியா எழுதுங்க. பதில் தெரிஞ்சவரைப் பேசச் சொல்லி ரெக்கார்ட் பண்ணி, அப்புறம் டைப் பண்ணுங்க. வாரத்துக்கு ஒண்ணு போதும். எந்தக் கேள்வியைப் பார்த்து 'இது வேண்டாமே'ன்னு தோணுதோ, அதை முதல்ல எழுதுங்க.

இப்பெல்லாம் நான் ஐடியா தேடுறதே இல்ல. ராத்திரி கடை சாத்துற நேரத்துல அண்ணன்கிட்ட இருந்து வாய்ஸ் நோட் வரும். "தம்பி, இன்னைக்கு ஒருத்தவங்க புதுசா ஒண்ணு கேட்டாங்கப்பா..."

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம் மக்களே.