சந்தர்ப்பவாதி யார்?
ஓர் ஆங்கிலச் சொல்லும் புதுக்கோட்டைச் சரித்திரமும்

"அவன் சரியான ஆப்பர்ச்சுனிஸ்ட்!"

டீக்கடையில் இப்படிச் சிலர் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். இந்த ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் சந்தர்ப்பவாதி என்று பெயர். கொள்கை எதுவும் இல்லாமல், சமயத்துக்குத் தக்கபடி மாறி, சொந்த லாபம் தேடுகிறவன் என்று பொருள்.

காற்றில் பிறந்த சொல்

இதன் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. கப்பலைத் துறைமுகத்தை நோக்கித் தள்ளும் நல்ல காற்றைக் குறித்த சொல் அது. 19-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசியலில் புகுந்த பிறகுதான் வசைச் சொல் ஆயிற்று.

நம் பெரியவர்களும், "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்றார்கள். காற்று வரும்போது நெல்லைத் தூற்றும் விவசாயி சந்தர்ப்பவாதி அல்ல. மழைக்காலத்தில் குடை விற்பவரும் அல்ல. நேற்றுவரை ஒரு கட்சியை வாயார வைதுவிட்டு, அது ஆட்சிக்கு வந்ததும் மாலையோடு ஓடுகிறாரே, அவர்தான் சந்தர்ப்பவாதி!

தொண்டைமான் எப்படி?

1799-ம் ஆண்டு. பாஞ்சாலங்குறிச்சி விழுந்தது. வீரபாண்டிய கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமைக்கு வந்தார். திருக்களம்பூர்க் காட்டுப் பகுதியில் தொண்டைமானின் ஆட்கள் அவரைப் பிடித்து, வெள்ளைக்காரரிடம் ஒப்படைத்தார்கள். அக்டோபர் 16-ந் தேதி கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

வெள்ளைக்காரருக்குச் செய்த உதவிகளுக்காக, 1803-ல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த பகுதியும் தொண்டைமானுக்குக் கிடைத்தன.

ஆகவே அவரைச் சந்தர்ப்பவாதி என்று பலர் ஏசுகிறார்கள். அது சரியா?

லாபம் கிடைத்தது உண்மை. ஆனால் அவர் கட்சி மாறினாரா? இல்லை. 1750-களில் திருச்சியில் போர் நடந்தபோதே, புதுக்கோட்டையிலிருந்து வெள்ளைக்காரருக்கு உணவுப் பொருள் போயிற்று. ஹைதர் அலியோடு நடந்த போரிலும் புதுக்கோட்டை அவர்கள் பக்கமே நின்றது. காற்று மாறியபோதும் பாயை மாற்றவில்லை.

அடைக்கலம் தேடி வந்தவரைப் பிடித்துக் கொடுத்தது தர்மமா என்று கேட்கலாம். தாராளமாகக் கேட்க வேண்டும். ஆனால் அது வேறு வழக்கு. அந்தக் குற்றத்துக்குச் சந்தர்ப்பவாதம் என்று பெயர் இல்லை.

இரண்டு கேள்விகள்

யாரையாவது சந்தர்ப்பவாதி என்று சொல்லுமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்.

அவருக்கு லாபம் கிடைத்ததா?

அந்த லாபத்துக்காகத் தம் பேச்சையும் பக்கத்தையும் மாற்றினாரா?

இரண்டுக்கும் "ஆம்" என்று பதில் வந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். ஒன்றுக்கு மட்டும் வந்தால், சற்றுப் பொறுங்கள். கோபத்தில் வீசிய ஒரு சொல் 200 ஆண்டு கடந்தும் ஒருவர் பெயரை விட்டுப் போவதில்லை!