நரம்பைக் கரையில் எடுத்த படம் எங்கே போகிறது?

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனுக்குக் கிழக்கு எல்லை கடல். நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம், புதுக்குப்பம் என்று வரிசையாக மீனவ ஊர்கள். தை பிறந்தால் இந்த மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறத் தொடங்கும். அதே மாதங்களில் வலையில் சிக்கி மூச்சுமுட்டிச் செத்தவையும் கரை ஒதுங்கும். பார்த்தவர் செல்போனில் படமெடுப்பார். படம் நாலு வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றிவிட்டு மறைந்துபோகும். கடலாய்வாளர்கள் தேடும் சான்று அதற்குள் இருக்கிறது என்பதுதான் வருத்தம்.

முதலில், படத்தில் இருப்பது எந்த ஆமை? நேர் மேலிருந்து எடுத்த ஒரு படம் போதும், பெரும்பாலும் சொல்லிவிடலாம். முதுகோட்டின் நடுவரிசைக்கு இருபுறமும் உள்ள தகடுகளை எண்ண வேண்டும். பேராமைக்கும் அழுங்காமைக்கும் பக்கத்துக்கு நான்கு. பங்குனி ஆமைக்குப் பெரும்பாலும் ஆறு அல்லது அதற்கு மேல். பேராமையா அழுங்காமையா என்ற சந்தேகம் வந்தால் முகத்தைப் பார்க்க வேண்டும். கண்களுக்கு நடுவே ஒரு ஜோடிச் செதில் இருந்தால் பேராமை, இரண்டு ஜோடி இருந்தால் அழுங்காமை. ஆமை திரும்பிப் போயிருந்தாலும் தடம் பேசும். பங்குனி ஆமை இடமும் வலமுமாகத் துடுப்பை மாற்றி மாற்றிப் போட்டு நகரும். பேராமை இரண்டையும் ஒருசேர ஊன்றித் தன்னை இழுத்துக்கொண்டு போகும்.

அடுத்தது இன்னும் நுட்பமானது: இது எந்த ஒரு ஆமை? கண்ணுக்குப் பின்னால் கன்னத்தில் உள்ள செதில்களின் அமைப்பு ஆமைக்கு ஆமை வேறுபடும். ஒரே ஆமையின் இடக் கன்னமும் வலக் கன்னமும்கூட ஒன்றுபோல் இருக்காது. அதனால் இருபக்கமும் படம் வேண்டும். மாலத்தீவில் கடலுக்குள் மூழ்கிப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகள் எடுக்கும் இத்தகைய படங்களைக் கொண்டே ஆமைகளுக்குத் தனித்தனிப் பதிவேடு வைத்திருக்கிறார்கள்.

அம்மணி உழுவை எனப்படும் திமிங்கலச் சுறாவுக்கு உடம்புப் புள்ளிகளே அடையாளம். கடைசிச் செவுள் பிளவுக்குப் பின்னால் உள்ள புள்ளிகளை, வானியலாளர்கள் நட்சத்திரப் படங்களை ஒப்பிட வைத்திருந்த கணக்குமுறையால் ஒப்பிடலாம் என்று 2005இல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். இன்று உலகெங்கும் பொதுமக்கள் அனுப்பும் படங்களை அந்த முறையில் கணினி பொருத்திப் பார்க்கிறது.

ஆமையின் துடுப்பில் உலோகப் பட்டை மின்னினால் அந்த எண்ணைத் தெளிவாகப் படமெடுங்கள். 2021இல் ஒடிசாவில் 03233 என்ற எண்ணிட்ட பட்டை மாட்டி விடப்பட்ட பங்குனி ஆமை ஒன்று 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் குஹாகர் கரையில் முட்டையிட்டது. கிழக்குக் கரை ஆமை மேற்குக் கரையிலும் முட்டையிடும் என்று அந்த ஐந்து இலக்கங்கள் காட்டின.

இவ்வளவும் பயன்பட வேண்டுமானால் நாளும் இடமும் படத்தோடு இருக்க வேண்டும். செல்போனில் இருப்பிட வசதியை இயக்கி எடுத்தால் அவை கோப்பிலேயே பதிந்துவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இருப்பிடத் தகவல் உதிர்ந்துபோகும். ‘டாக்குமென்ட்’டாக அனுப்பினால் நிற்கும். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் நேரடியாகவே ஏற்றலாம். அங்கே விவரம் அறிந்தவர்கள் இனத்தைச் சரிபார்ப்பார்கள். அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் துல்லியமான இடத்தை அது பொதுப்பார்வையிலிருந்து மறைத்தும் விடும். முட்டைக் குழியின் இடத்தை நீங்களே முகநூலில் எழுதிவிட்டால் அந்தப் பாதுகாப்பால் பயனில்லை. இரவில் கரையேறும் ஆமைமீது ஃபிளாஷ் அடிக்கவே கூடாது; மிரண்டு முட்டையிடாமலே திரும்பிவிடும். முட்டையிடும் ஆமையின் நல்ல படத்தைவிட முட்டை முக்கியம்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இத்தகைய பதிவுகள் விலங்குகள் எங்கே இருக்கின்றன என்பதைவிட மனிதர்கள் எங்கே நடமாடுகிறார்கள் என்பதையே அதிகம் காட்டும். சுற்றுலாக் கடற்கரையில் படம் குவியும். ஆளில்லாத கரை வரைபடத்தில் வெறுமையாகக் கிடக்கும். இதற்கு வழி வில்லியனூர்ப் பக்கமே இருக்கிறது. ஊசுடு ஏரியில் பறவை பார்ப்பவர்கள் கண்ட பறவைகளோடு எத்தனை நேரம் பார்த்தார்கள் என்பதையும் இ-பேர்ட் என்ற இணையத் தளத்தில் குறிக்கிறார்கள். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் அப்படித்தான். அதே ஒழுங்கில் வாரம் ஒருமுறை நரம்பையிலிருந்து புதுக்குப்பம் வரை நடந்து, எதுவும் ஒதுங்காத நாளையும் ‘இல்லை’ என்று எழுதி வைத்தால், இரண்டு மூன்று ஆண்டுகளில் இந்தக் கரைக்கு நம்பகமான கணக்கு கிடைக்கும்.

நடப்பவர்களைவிட அதிகம் பார்ப்பவர்கள் மீனவர்கள். வலையில் உயிரோடு சிக்கிய ஆமையை விடுவிக்க வலையை அறுத்தால் நஷ்டம் அவர்களுடையது. மகாராஷ்டிரத்தில் 2018 முதல் ஒரு திட்டம் உண்டு. பாதுகாக்கப்பட்ட கடல் உயிரினத்தை வலையறுத்து விட்டதற்குப் படமோ காணொளியோ காட்டினால் 25,000 ரூபாய் வரை இழப்பீடு கிடைக்கும். ஆமைக்கு உயிர், மீனவருக்கு வலைப்பணம், ஆய்வாளருக்கு எந்த மாதம் எந்தக் கடலில் எது சிக்குகிறது என்ற விவரம். மூன்றும் ஒரே படத்தில் கிடைக்கின்றன. 2025 ஜனவரியில் தமிழகக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பார்த்த பிறகும் அப்படியொரு திட்டத்தைப் புதுச்சேரி தள்ளிப்போடக் கூடாது. அடுத்த தைக்கு முன்பே நரம்பையிலும் பனித்திட்டிலும் மீனவப் பஞ்சாயத்தாரோடு உட்கார்ந்து பேசி அதைத் தொடங்கலாம்.