கோஃபியும் லட்சுமியும்: வரலாற்றாசிரியர் வால்டர் ராட்னி

1975 ஜனவரி. நான் கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்த புதிது. சேப்பாக்கம் டெஸ்ட் போட்டியை டிரான்சிஸ்டரில் கேட்டுக்கொண்டிருந்தோம். விசுவநாத் 97 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்ற அதே ஆட்டம்தான். எதிரணியில் கிளைவ் லாயிட், காளிச்சரண் இருவரும் இருந்தார்கள். ஒருவர் ஆப்பிரிக்க வம்சாவளி, மற்றவர் இந்திய வம்சாவளி. இருவருக்கும் நாடு ஒன்றுதான்: தென் அமெரிக்காவின் வடகரையில் உள்ள கயானா. "காளிச்சரண் எப்படிய்யா அங்கே போய்ப் பிறந்தார்?" என்று அறை நண்பர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பல ஆண்டுகள் கழித்து, அந்த நாட்டு வரலாற்றாசிரியர் வால்டர் ராட்னியின் நூல்தான் எனக்கு அதைச் சொல்லித் தந்தது.

ராட்னி 1942 மார்ச் 23-இல் கயானாவின் தலைநகர் ஜார்ஜ்டவுனில் பிறந்தார். தந்தை தையற்காரர், தாயும் தையல் வேலை செய்தவர். ஜமைக்காவில் படித்து 1963-இல் வரலாற்றில் முதல் வகுப்பில் தேறினார். மேற்கு ஆப்பிரிக்காவின் மேல் கினிக் கடற்கரையின் வரலாற்றை ஆராய்ந்து, 24 வயதிலேயே லண்டனில் முனைவர் பட்டம் பெற்றார்.

படித்ததைப் பல்கலைக்கழகத்தோடு நிறுத்திக்கொள்ளும் சுபாவம் அவருக்கு இல்லை. 1968-இல் ஜமைக்காவில் விரிவுரையாளராக இருந்தபோது, கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளுக்குப் போய், அங்குள்ளவர்களோடு சரிசமமாக உட்கார்ந்து ஆப்பிரிக்க வரலாற்றைப் பேசினார். நம் ஊர்த் திண்ணைப் பேச்சு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு மிரண்டது. அக்டோபரில், கனடாவுக்கு ஒரு மாநாட்டுக்குப் போய்த் திரும்பியவரை நாட்டுக்குள் விட மறுத்தது. மறுநாள் கிங்ஸ்டனில் மாணவர்களும் மக்களும் தெருவில் இறங்கினார்கள்.

அதன்பின் தான்சானியாவின் தார்-எஸ்-சலாம் பல்கலைக்கழகத்தில் 1974 வரை பணியாற்றினார். ஆப்பிரிக்காவை ஐரோப்பா எப்படிப் பின்தங்க வைத்தது என்பதை விளக்கும் அவருடைய புகழ்பெற்ற நூல் 1972-இல் வெளிவந்தது. அதன் வாதம் இதுதான்: ஆப்பிரிக்கா தானாகப் பின்தங்கவில்லை. அடிமை வணிகம் உழைக்கும் வயதினரை அள்ளிச் சென்றது. காலனி ஆட்சியில் போட்ட ரயில் பாதைகள் பெரும்பாலும் சுரங்கத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் துறைமுகத்துக்கே ஓடின. ஊரையும் ஊரையும் இணைக்கவில்லை. ஒரு பக்கம் செழித்ததும் மறுபக்கம் வறண்டதும் ஒரே கணக்கின் வரவும் செலவும் என்றார்.

இனி காளிச்சரண் கதைக்கு வருவோம். கயானாவில் அடிமை முறை முற்றிலும் ஒழிந்த 1838-லேயே, எங்கள் ஹூக்ளி நதியிலிருந்து முதல் கப்பல்கள் கூலிகளை ஏற்றிச் சென்றன. 1845 முதல் மதராஸிலிருந்தும் ஆட்கள் போனார்கள். 1917-க்குள் சுமார் 2,39,000 இந்தியர்கள் போய்ச் சேர்ந்தார்கள். இன்றும் அங்கே மாரியம்மன் வழிபாடு இருக்கிறது என்றால் அது மதராஸிலிருந்து போனவர்கள் கொண்டுசென்றதுதான். விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். அதைத் தடுக்கத்தான் தோட்ட முதலாளிகள் இந்தியரை இறக்கினார்கள். அந்தச் செலவில் ஒரு பகுதி அரசுக் கருவூலத்திலிருந்து, அதாவது ஆப்பிரிக்கர் கட்டிய வரியிலிருந்தும், போனது. மனக்கசப்பு வராமல் இருக்குமா? 1960-களின் தொடக்கத்தில் அது இனக் கலவரமாகவே வெடித்தது.

கயானாத் தொழிலாளர் வரலாற்றை எழுதிய ராட்னி, இந்த இரு கூட்டத்தாரையும் ஒரே நூலில் வைத்தார். கயானாவின் கடலோர நிலம், அலை ஏறும்போது கடல் மட்டத்துக்கும் தாழ்ந்தது. அங்கே கால்வாயும் கரையும் அமைக்க அடிமைகள் மண்வெட்டியால் 10 கோடி டன் களிமண்ணைப் புரட்டினார்கள் என்ற மதிப்பீட்டை எடுத்துக்காட்டினார். அந்த மண்ணில்தான் பின்னால் வந்த இந்தியர் கரும்பு வெட்டினார்கள். ஒருவர் உழைப்பின் மேல்தான் மற்றவர் உழைப்பு.

1974-இல் நாடு திரும்பிய அவருக்குக் கயானாப் பல்கலைக்கழக வேலை அரசின் தலையீட்டால் கிடைக்காமல் போனது. இரு இனத்தாரும் சேர்ந்திருந்த உழைக்கும் மக்கள் கூட்டணி என்ற அமைப்பில் பாடுபட்டார். 1980 ஜூன் 13 இரவு, வாக்கி-டாக்கியில் மறைத்து வைத்த குண்டு வெடித்துக் காரிலேயே இறந்தார். வயது 38. தொழிலாளர் வரலாற்று நூல் மறு ஆண்டுதான் அச்சாகி வந்தது. அன்றைய அரசுக்குக் கொலையில் பங்கு உண்டு என்று விசாரணை ஆணையம் 2016-இல் அறிக்கை தந்தது. அவருடைய இறப்புச் சான்றிதழில் தொழில் என்ற இடத்தில் 'வேலையற்றவர்' என்று இருந்ததாம்! அதைப் பேராசிரியர் என்று திருத்த 2021-இல் அரசு முடிவு செய்தது.

ராட்னி குழந்தைகளுக்கும் இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கோஃபி என்ற சிறுவனின் கதை. மற்றது இந்தியாவிலிருந்து வந்த லட்சுமியின் கதை. கோஃபியின் வம்சத்தில் வந்த ஒருவர், லட்சுமி எப்படி வந்தாள் என்றும் எழுதினார் பாருங்கள், அதுதான் என்னை அவர்பால் ஈர்த்தது.

நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறோம். நாம் எப்படி இங்கே வந்தோம் என்றும் சொல்கிறோம். நல்லதுதான். பக்கத்து வீட்டுக்காரரின் தாத்தா எங்கிருந்து, என்ன பாடுபட்டு இங்கே வந்தார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நாற்பது வருஷத்துக்கும் மேலாக இந்த ஊரில் இருக்கிறேன். எதிர்வீட்டுப் பெரியவரிடம் அதைக் கேட்டது போன மாதம்தான்.